வேட்பாளரே, உங்கள் பதில் ஆமா? இல்லையா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

  

என் தவறு ஒன்றைச் சொல்லித்தான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்தல் நேரம். ஒரு வேட்பாளர் எங்கள் பள்ளிவாசலுக்கு இஃப்தாருக்கு வந்தார். தலையில் தொப்பி வைத்துக்கொண்டார். நோன்புக் கஞ்சி குடித்தார். அவரை வரவேற்றுப் பேசியவன் நான். சால்வை போர்த்தியவன் நான். 'நம் சமுதாயத்தின் உற்ற நண்பர்' என்று மைக்கில் முழங்கியவனும் நானே! ஆனால் அவரிடம் ஒரே ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. அவர் வென்றார். அடுத்த ஆண்டு எங்கள் மையவாடிச் சுவர் சம்பந்தமாக ஒரு பிரச்சனை வந்தது. மனுவோடு போனோம். "பார்க்கலாம் பாய்" என்றார். பதவிக்காலம் முடியும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார். அப்போது எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "ஹஜ்ரத், இந்த விஷயத்துல அவரு கருத்து என்னன்னு ஓட்டுக்கு முன்னாடி நீங்க கேட்டீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. தொப்பியைப் பார்த்தேன், கொள்கையைக் கேட்கவில்லை. இதுதான் நான் செய்த தவறு.

இந்தத் தவறு மனதில் முள்ளாகக் கிடந்த நிலையில், எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் விடுமுறையில் வந்தார். கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்றவர். 2024 நவம்பர் தேர்தலுக்காக அந்த மாநில அரசு வாக்காளர்களுக்கு அனுப்பிய கையேட்டை எனக்குக் காட்டினார். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவரே இரண்டு நாள் உட்கார்ந்து படித்துப் பொருள் சொன்னார். கேட்கக் கேட்க வியப்பாக இருந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்த உரை.

ஆளுக்கும் ஓட்டு, சட்டத்துக்கும் ஓட்டு

நாம் ஓட்டுப் போடும்போது ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். சட்டத்தை அந்த ஆள் பார்த்துக்கொள்வார். அங்கே அப்படியல்ல! ஒரே சீட்டில் ஜனாதிபதி, செனட்டர் எல்லாம் முடிந்த பிறகு, 'இந்தச் சட்டம் வேண்டுமா?' என்ற கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஆம் அல்லது இல்லை. 2024-ல் அப்படிப் பத்துக் கேள்விகள்! அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் சுருக்கம், அரசுக்கு ஆகும் செலவு, ஆதரிப்போர் வாதம், எதிர்ப்போர் வாதம், ஒருவருக்கொருவர் மறுப்பு, சட்டத்தின் முழு வாசகம் எல்லாம் இருக்கின்றன. இதை 'புரொபொசிஷன்' என்கிறார்கள். நாம் 'முன்மொழிவு' என்று வைத்துக்கொள்வோம்.

இது எப்படி வந்தது? ஒரு காலத்தில் கலிபோர்னியாவின் அரசியலைச் சதர்ன் பசிபிக் என்ற ரயில்வே கம்பெனி தன் பைக்குள் வைத்திருந்தது. அதை உடைப்பேன் என்று சொல்லி வந்தவர் ஹிராம் ஜான்சன். அங்கே கவர்னர் என்பவர் மக்கள் ஓட்டில் வருபவர். நம் முதலமைச்சரைப் போல அதிகாரம் உள்ளவர். ஜான்சன் கவர்னரானதும் 1911-ல் மக்களுக்கே சட்டம் இயற்றும் உரிமையைக் கொண்டுவந்தார். இன்றைய விதிப்படி, கடைசி கவர்னர் தேர்தலில் பதிவான ஓட்டுகளில் 5 சதவீத அளவுக்குக் கையெழுத்துத் திரட்டினால் ஒரு சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு வைக்கலாம். அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டுமானால் 8 சதவீதம். மக்கள் 'ஆம்' என்று சொல்லிவிட்டால் கவர்னரால் அதைத் தடுக்க முடியாது.

இங்கேதான் நமக்கான விஷயம் இருக்கிறது, கவனியுங்கள்! சட்டமும் வேட்பாளரும் ஒரே சீட்டில் நிற்கும்போது வேட்பாளரைப் பார்த்து மக்கள் கேட்கிறார்கள்: "இந்த முன்மொழிவுக்கு உங்கள் பதில் என்ன? ஆமா? இல்லையா?" சால்வை போட்டு மழுப்ப முடியாது. பதில் சொன்னால் ஒரு சாராருக்குக் கோபம். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் சந்தேகம். மனிதனை எடைபோட இதைவிட நல்ல தராசு எது? வியாபாரிகளே, தராசைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஒரு குடும்பம், மூன்று கேள்விகள்

கலிபோர்னியாவில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரை இந்தத் தராசு எடைபோட்டது. தந்தை, மகன், மகள். இந்த மூன்று கதைகளையும் கேட்டால் பாடம் புத்தகம் இல்லாமலே புரியும்.

முதலில் தந்தை. பாட் பிரவுன். கவர்னராக இருந்தவர். நிறத்தின் காரணமாகவோ இனத்தின் காரணமாகவோ வீடு தர மறுக்கக் கூடாது என்று 1963-ல் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வீடு வாடகைக்குக் கேட்டுப் போய், பெயரைச் சொன்னதும் கதவு மூடப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். ஆனால் வீட்டுமனைத் தொழிலில் இருந்தவர்கள் கொதித்தார்கள். கையெழுத்துத் திரட்டி, 1964-ல் 14-ஆம் முன்மொழிவு என்று அந்தச் சட்டத்தையே ஒழிக்கும் கேள்வியை மக்கள் முன் வைத்தார்கள். பாட் பிரவுன் 'கூடாது' என்று வெளிப்படையாக எதிர்த்தார். முடிவு என்ன? ஏறத்தாழ 65 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள்! 1966-ல் அவர் தேர்தலிலும் தோற்றார். அவரை வென்றவர் ரொனால்டு ரீகன். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த 14-ஆம் முன்மொழிவின் கதி என்ன? 1966-ல் மாநில உச்ச நீதிமன்றமும், 1967-ல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அது செல்லாது என்று தூக்கி எறிந்தன. நாற்காலி போனது, சொன்ன சொல் நின்றது.

அடுத்து மகன். ஜெர்ரி பிரவுன். இவரும் கவர்னர். 1978 ஜூன் மாதம் 13-ஆம் முன்மொழிவு வந்தது. சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டிப்போடும் திட்டம். ஜெர்ரி பிரவுன் கடுமையாக எதிர்த்தார். மக்களோ 65 சதவீதம் அளவுக்கு ஆதரித்தார்கள். மறுநாளே மனிதர் மாறினார்! அந்தத் திட்டத்தை நிறைவேற்றுவதில் தன்னைவிட ஆர்வமுள்ளவர் யாருமில்லை என்பதுபோல் நடந்துகொண்டார். அதே ஆண்டு நவம்பரில் பெரும் வித்தியாசத்தில் மீண்டும் வென்றார்.

இதை எப்படிப் பார்ப்பது? மக்கள் தீர்ப்புக்குக் கட்டுப்படுவது கவர்னரின் கடமைதானே என்று ஒரு சாரார் சொல்வார்கள். அது உண்மை. தீர்ப்புக்குக் கட்டுப்படுவது வேறு. நேற்றுவரை தீமை என்று சொன்னதை இன்று நன்மை என்று கொண்டாடுவது வேறு. முதலாவது ஜனநாயகம். இரண்டாவது வியாபாரம். அதுவும் நேர்மையான வியாபாரம் அல்ல.

மகளின் தோல்வி

மூன்றாவது மகள். கேத்லீன் பிரவுன். மாநிலத்தின் பொருளாளராக இருந்தவர். 1994-ல் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டார். எதிரே பதவியில் இருந்த பீட் வில்சன். பொருளாதாரம் சரிந்து, வேலை போய், அரசு கஜானா காலியாகிக் கிடந்த நேரம். 1993-ல் கருத்துக்கணிப்புகளில் வில்சன் 20 சதவீதத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் 187-ஆம் முன்மொழிவு வந்தது. 'மாநிலத்தைக் காப்போம்' என்று அதற்கு அழகான பெயர். உள்ளே என்ன இருந்தது? முறையான ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களுக்கு அரசு உதவி கிடையாது. அவசரச் சிகிச்சை தவிர அரசு மருத்துவம் கிடையாது. அவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடையாது. அதோடு நின்றதா? சந்தேகப்படும் ஆட்களைப் பற்றி ஆசிரியரும் மருத்துவரும் போலீசும் அதிகாரிகளுக்குத் தகவல் கொடுக்க வேண்டும்! பாடம் சொல்லும் வாத்தியாரை உளவு சொல்பவராக ஆக்கும் சட்டம். ஆவணமில்லாத பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு என்று 1982-லேயே நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தும் இப்படி ஒரு முன்மொழிவு!

மூழ்கிக்கொண்டிருந்த வில்சன் இதைப் பிடித்துக்கொண்டார். எல்லைச் சாவடியில் மனிதர்கள் கூட்டம் கூட்டமாக ஓடிவரும் காட்சியைக் காட்டித் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார். அவர் தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். எல்லையைக் காப்பது மத்திய அரசின் வேலை, அவர்கள் செய்யாததற்கு மாநிலம் ஏன் செலவழிக்க வேண்டும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே வில்சன், பத்தாண்டுகளுக்கு முன் செனட்டராக இருந்தபோது பெரிய பண்ணைக்காரர்களுக்கு வெளிநாட்டுக் கூலியாட்கள் வேண்டும் என்று வாதாடியவர்! அறுவடைக்குக் கை வேண்டும். அந்தக் கைக்குப் பிறந்த குழந்தைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாமா?

கேத்லீன் பிரவுன் 187-ஐ எதிர்த்தார். ஓட்டுக் கணக்கில் அது நஷ்டம் என்று தெரிந்தே எதிர்த்தார். 1994 அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சுமார் 70,000 பேர் இதை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். என்றாலும் நவம்பர் 8 அன்று முன்மொழிவு 59 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. வில்சன் 55 சதவீதம் பெற்றார். கேத்லீனுக்கு 41.

அதே தேர்தலில் செனட்டர் பதவிக்கு நின்ற டயான் ஃபைன்ஸ்டைன் அக்டோபர் மாதப் பிற்பகுதி வரை வாய் திறக்கவில்லை. கடைசி நேரத்தில் 'எதிர்க்கிறேன்' என்றார். 2 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார். அவரை எதிர்த்து நின்ற மைக்கேல் ஹஃபிங்டன் 187-ஐ ஆதரித்தவர். அவர் வீட்டிலேயே ஆவணமில்லாத ஒரு பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தது தேர்தல் நெருக்கத்தில் வெளியே வந்தது!

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜாக் கெம்ப். வில்சனின் கட்சியைச் சேர்ந்தவர். முன்னாள் மந்திரி. தன் கட்சியே ஆதரித்த 187-ஐ 1994-ல் துணிந்து எதிர்த்தார். எவ்வளவு உயர்ந்த செயல்! ஆனால் 1996-ல் துணை ஜனாதிபதி வேட்பாளர் பதவி அவர் மடியில் விழுந்தது. உடனே குடியேறியவர்கள் விஷயத்திலும், சிறுபான்மையினருக்கான சலுகையை ஒழிக்கும் 209-ஆம் முன்மொழிவு விஷயத்திலும் கட்சியின் பக்கம் சாய்ந்துவிட்டார். பதவி இல்லாதபோது நிமிர்ந்த தலை, பதவி வந்ததும் குனிந்தது. சகோதரர்களே, நிமிர்ந்து நிற்பதைவிட நிமிர்ந்தே நிற்பது கடினம்!

தோற்றது யார்?

இனி முடிவைக் கேளுங்கள். 187 நிறைவேறிய உடனேயே நீதிமன்றம் அதன் பெரும்பகுதிக்குத் தடை போட்டது. 1997-ல் அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது. 1999-ல் அடுத்த கவர்னர் மேல்முறையீட்டைக் கைவிட்டார். வில்சன் 1995-ல் ஜனாதிபதி பதவிக்குக் கிளம்பி, ஒரே மாதத்தில் திரும்பிவிட்டார்.

அச்சுறுத்தப்பட்ட மக்கள் என்ன செய்தார்கள்? ஒப்பாரி வைத்துக்கொண்டு உட்காரவில்லை. தகுதியுள்ளவர்கள் வரிசையில் நின்று குடியுரிமை வாங்கினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். அந்த ஆண்டு பொறியியல் பட்டத்தோடு கல்லூரியை விட்டு வெளியே வந்த ஓர் இளைஞர், அலெக்ஸ் பாடியா. மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை சமையல்காரர், தாய் வீடுகளில் துப்புரவு வேலை செய்தவர். 187-தான் தன்னை அரசியலுக்கு இழுத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2021-ல் அவர் அதே கலிபோர்னியாவின் செனட்டரானார்! இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு செய்தி. செல்லாத சட்டமானாலும் 187-ன் வாசகம் மாநிலச் சட்டப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதை நீக்க 2014-ல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அந்த மசோதாவில் கையெழுத்திட்ட கவர்னர் யார் தெரியுமா? மீண்டும் பதவிக்கு வந்திருந்த ஜெர்ரி பிரவுன்! எந்தச் சட்டத்தை எதிர்த்துத் தங்கை தோற்றாரோ, அந்தச் சட்டத்தை இருபது ஆண்டுக்குப் பின் அண்ணன் துடைத்தார்.

வாய் மூடுவதும் ஒரு பதில்தான்

வியாபாரிகளுக்கு நெருக்கமான ஒன்றுக்கு வருகிறேன். 2014-ல் 47-ஆம் முன்மொழிவு என்று ஒன்று நிறைவேறியது. 950 டாலருக்கு மேற்படாத திருட்டுகள் சிறு குற்றமாகக் கருதப்படும் என்பது அதன் ஒரு பகுதி. சிறைகள் நிரம்பி வழிந்தன, சின்னக் குற்றத்துக்கு வாழ்க்கையே பாழாக வேண்டுமா என்பது ஆதரித்தவர்களின் நியாயம். பிறகு கடைக்காரர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள். 2024-ல் 36-ஆம் முன்மொழிவு வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் மீண்டும் திருடினால், பொருளின் மதிப்பு எவ்வளவானாலும் பெருங்குற்ற வழக்குப் போடலாம். வால்மார்ட் போன்ற பெரிய கடைக் கம்பெனிகள் இதற்குப் பணம் கொடுத்தன. கவர்னர் கேவின் நியூசம் எதிர்த்தார். அதே கட்சியைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ மேயர் ஆதரித்தார். இருவருமே வெளிப்படையாகச் சொன்னார்கள். நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர்களோடு வாதாடலாம்.

ஆனால் அந்த மாநிலத்தைச் சேர்ந்த ஜனாதிபதி வேட்பாளர் கமலா ஹாரிஸ்? அவருடைய தாய் ஷியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நமக்கெல்லாம் தெரியும். தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தபால் ஓட்டுப் போட்டுவிட்டேன் என்று சொன்ன அவரிடம் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள்: 36-க்கு எப்படி ஓட்டளித்தீர்கள்? அதைப் பற்றிப் பேசப்போவதில்லை என்றுவிட்டார். தன் ஓட்டை ரகசியமாக வைக்க எவருக்கும் உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாட்டை ஆள வருகிறேன் என்பவர், தன் மாநிலக் கடைவீதியின் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் மக்கள் எடைபோடத்தான் செய்வார்கள். 36-ஆம் முன்மொழிவு 68 சதவீத ஆதரவோடு நிறைவேறியது.

நம்மைத் தொட்ட கேள்வி

'இதெல்லாம் மெக்சிகோக்காரர்கள் பிரச்சனை, நமக்கென்ன?' என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒக்லஹோமா என்று இன்னொரு மாநிலம். அங்கே 2010-ல் 755-ஆம் கேள்வி. கையெழுத்துத் திரட்டி வந்ததல்ல. சட்டமன்றமே மக்கள் முன் வைத்தது. மாநில நீதிமன்றங்கள் ஷரீஅத் சட்டத்தைக் கவனத்தில் எடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தைத் திருத்தும் கேள்வி. அதற்கு வைத்த பெயர் என்ன? 'மாநிலத்தைக் காப்போம்'! பதினாறு ஆண்டுக்கு முன் கலிபோர்னியாவில் ஏழைக் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தை அடைக்க எடுத்த அதே பெயர்.

அங்கே முஸ்லிம்கள் மிகச் சொற்பம். ஒக்லஹோமாவில் எந்த நீதிமன்றமாவது ஷரீஅத்தை வைத்துத் தீர்ப்புச் சொன்னதா என்று கேட்டபோது, ஒரே ஓர் உதாரணத்தைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை. இல்லாத பேய்க்கு எதிராக 70 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். முஸ்லிம் அமைப்பு ஒன்றின் நிர்வாகி நீதிமன்றம் போனார். 'என் வஸிய்யத்தை மார்க்க முறைப்படி எழுதியிருக்கிறேன். நாளை நான் மவுத்தானால் அதை நிறைவேற்ற முடியாமல் போகுமே' என்பது அவர் வாதங்களில் ஒன்று. தடை கிடைத்தது. 2012-ல் மேல் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. 2013-ல் நிரந்தரத் தடை வந்தது.

187-ஐக் கண்டு 'நமக்கென்ன' என்று இருந்தவனுக்கு, 755 வரும்போது 'எங்களோடு நில்லுங்கள்' என்று பிறரைக் கேட்க வாய் வருமா? அடுத்தவன் வீட்டுக் கூரை எரியும்போது தண்ணீர் தூக்காதவன், தன் கூரை பற்றும்போது யாரை அழைப்பான்?

நான்கு கேள்விகள்

நம் நாட்டில் இப்படிச் சட்டத்துக்கு ஓட்டுப் போடும் முறை இல்லை. வேண்டும் என்று நான் வாதாடவும் வரவில்லை. பெரும்பான்மை கையில் சிறுபான்மையின் உரிமையை வைத்து 'ஆமா, இல்லையா' என்று கேட்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 14-ம் 187-ம் 755-ம் சாட்சி. மூன்று முறையும் காப்பாற்றியது நீதிமன்றம்தான்.

ஆனால் வேட்பாளரைக் கேட்கும் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாமே! அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. வாய் இருந்தால் போதும். குறிப்பிட்ட ஒரு பிரச்சனையைச் சொல்லி, ஆமா இல்லையா என்று கேளுங்கள். பதில் வந்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

எப்போது சொன்னார்? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிவதற்கு முன்பா, பின்பா?

யாரிடம் சொன்னார்? நம் தெருவில் சொன்னதை அடுத்த தெருவிலும் சொன்னாரா?

சொன்னதால் அவர் இழந்தது என்ன? ஒன்றும் இழக்காத ஆதரவு இலவசச் சாமான். அதன் தரத்தை யாரும் உத்தரவாதம் செய்ய முடியாது.

பதவி வந்த பிறகும் அதையே சொன்னாரா?

ஓட்டு என்பது ஒரு சாட்சியம். 'இவர் தகுதியானவர்' என்று நாம் கூறும் சாட்சியம். விசாரிக்காமல் சாட்சி சொல்பவனை எந்த காஜியும் ஏற்கமாட்டார். நான் அன்று ஒரு சால்வையோடு சேர்த்து என் சாட்சியத்தையும் விசாரிக்காமல் கொடுத்துவிட்டேன். ஒரு மஹல்லாவே என்னை நம்பிக் கொடுத்தது. அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்த தேர்தலிலும் அவர்கள் வருவார்கள். கஞ்சி கொடுங்கள், விருந்தோம்பல் நம் பண்பு. இருக்கை கொடுங்கள். ஆனால் அவர் கோப்பையைக் கீழே வைத்ததும், நம் இளைஞர் ஒருவர் எழுந்து, மரியாதையாக, அண்ணே என்றோ ஐயா என்றோ அழைத்து, ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும். பதிலைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

அந்த இளைஞருக்குப் பின்னால் இந்த முறை நானும் நிற்பேன், இன்ஷா அல்லாஹ்.